றபானில் நான் வரைந்த கடல்

ஒரு கலையில் நாலு பேர் தலையாட்டிவிட்டால் போதும், அடுத்த கலையும் நமக்கு வரும் என்ற நம்பிக்கை பிறந்துவிடும். பாட்டுக்காரன் தூரிகை எடுப்பது அப்படித்தான். அவன் பாட்டைக் கெடுத்தால் அது காற்றோடு போய்விடும். பெயின்ட் அப்படிப் போகாது. இதை நான் என் அறுபத்தோராவது வயதில், அந்த இளமைத் துடிப்பில் கற்றுக்கொண்டேன்.

புத்தளத்துக் கல்யாண வீடுகளில் ஹார்மோனியம் வாசித்தே எனக்கு நரை விழுந்தது. பகலில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். (சூடு பட்டால் பொருள்களுக்கு என்ன நடக்கும் என்பதும் அந்தப் பாடத்தில் உண்டு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.) ஓய்வு பெற்றதும் படம் வரையத் தொடங்கினேன். "ஆள் உருவம் கிருவம் கீறிப்போடாதீங்க, மார்க்கத்துக்கு ஆகாது" என்று மனைவி சொல்லிவிட்டாள். ஆகவே கடலை மட்டும் வரைந்தேன். கடலுக்கு நிறைய நீலம் வேண்டும். கடையில் வாங்கிய வர்ணங்கள், களப்பு என்கிற எங்கள் கடலேரியின் உப்புக் காற்றில் வெளிறிப் போயின. கற்பிட்டியில் வள்ளங்களுக்கு அடிக்கிற பெயின்ட்டை ஒரு தகர டின்னோடு வாங்கி வந்தேன். வள்ளத்தில் நிற்கிற நிறம் என் படத்தில் நிற்காதா என்ன?

எங்கள் பாட்டுக் குழுவில் றபான் என்கிற கைப்பறை அடிப்பவன் ஜப்பார். நானும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவன் கையில் இருந்த றபான் அவனுடைய வாப்பாவினுடையது. மரச் சட்டத்தில் ஆட்டுத்தோலை அவரே இழுத்துக் கட்டியிருந்தார். அவர் மவுத்தான பிறகும் அந்தத் தோலை ஜப்பார் மாற்றவில்லை. அதில் ஒரு தட்டுத் தட்டினால் தெருக்கோடியில் நிற்கிறவனும் திரும்பிப் பார்ப்பான்.

ஜப்பாரின் ஒரே மகள் நஸ்ரினுக்கு நுரைச்சோலையில் மாப்பிள்ளை பார்த்து, கல்யாணமும் குறித்தாகிவிட்டது. தன் வாப்பாவின் றபானை அடித்துத்தான் மருமகனை அழைத்து வருவேன் என்பது ஜப்பாரின் நெடுநாள் ஆசை. கல்யாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன் அதைத் துணியில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டு வந்தான்.

"வீடு முழுக்கச் சின்னப் பிள்ளையள், மச்சான். தட்டி ஒடச்சிப் போடுவாங்க. உன்னட்ட இருந்தா பத்திரம்."

அந்தப் பத்திரத்தின் கதையைத்தான் சொல்கிறேன்.

அவன் போன பின் துணியை அவிழ்த்துப் பார்த்தேன். வட்டமான, வெளிர் மஞ்சள் தோல். எனக்கு அது றபானாகத் தெரியவில்லை. யாரும் இன்னும் தொடாத ஒரு கன்வஸாகத் தெரிந்தது. கூட்டாளிக்குக் கல்யாணப் பரிசு என்று தீர்மானித்தேன். களப்பு, அந்திச் சூரியன், உப்பளத்தின் ஓரம், ஒரு வள்ளம் எல்லாம் வந்தன. நீலத்தை இரண்டு தடவை தடிப்பாகப் பூசினேன். காய்ந்ததும் விரலால் தட்டிப் பார்த்தேன். 'தொம்' என்று வரவேண்டியது 'தப்' என்று வந்தது. இன்னொரு தடவை தட்டினேன், அதே 'தப்'. பிறகு, தணலில் காய்ச்சினால் எந்த றபானும் திறந்து பேசும் என்று எனக்கு நானே ஆறுதல் சொன்னேன். வாத்தியக்காரனைத் தவிர வேறு யாரும் இப்படியொரு சமாதானத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

கல்யாண நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, மாப்பிள்ளையின் வாகனம் தெரு முனைக்கு வந்துவிட்ட நேரத்தில், துணியை விலக்கி ஜப்பாரிடம் நீட்டினேன். அவன் வாங்கிப் பார்த்தான்.

"கடல் நல்லாத்தான் இரிக்கிது" என்றான். 

வேறு றபான் தேட நேரமில்லை. வழக்கம் போலச் சிரட்டைத் தணலில் காய்ச்சினான். வள்ளம் எரிகிற மாதிரி ஒரு நாற்றம் வந்தது. பைத் பாடுகிறவர்கள் தொடங்கிவிட்டார்கள். ஜப்பார் ஓங்கி அடித்தான். ஈரச் சாக்கை அடித்தது போல ஒரு சத்தம் வந்தது. பெயின்ட்டின் மேல்பரப்பு மட்டும்தான் காய்ந்திருந்தது. உள்ளே இருந்தது சூட்டில் இளகி அவன் கையோடு வந்துவிட்டது. கையைக் குனிந்து பார்க்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை இறங்கிவிட்டார். மகளைக் கொடுக்கிற தகப்பன் கண்ணீரோடு மருமகனைக் கட்டிப் பிடித்தான். வெள்ளைக் கோட்டின் முதுகில் ஐந்து விரலும் தெளிவாக விழுந்தன.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்கள் இரண்டு கையாலும் பிடித்து சலாம் சொல்கிறவர்கள். ஜப்பார் மாப்பிள்ளையின் வாப்பாவுக்குக் கை கொடுத்தான். அவர் தன் தம்பிக்குக் கொடுத்தார். தம்பி பள்ளிவாசல் தலைவருக்குக் கொடுத்தார். சலாம் போன வழியெல்லாம் என் கடலும் போனது. மாப்பிள்ளையின் வாப்பா தாடியைத் தடவுகிற பழக்கமுள்ளவர் என்பது கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பாட்டு நின்றது. மாப்பிள்ளையின் பெரியப்பா தன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு வந்த ஆக்களுக்கு இதான் மரியாதையா?" என்று கேட்டார். பெண்கள் இருந்த பக்கமிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. உள்ளே நஸ்ரின் மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். (தூண் மெலிந்தது. நான் அப்படியல்ல.)

"என்ட பிழை. வடிவா இரிக்கட்டும் எண்டு நான்தான் பூசின" என்றான் ஜப்பார்.

அந்த நேரம் நான் முன்னே போயிருக்க வேண்டும். போகவில்லை. இன்றைக்கும் உறுத்துவது அதுதான்.

மாப்பிள்ளைதான் காப்பாற்றினார். நுரைச்சோலை மின்நிலையத்தில் நிலக்கரியோடு வேலை செய்கிற பிள்ளை. முதுகை எட்டிப் பார்த்துவிட்டு, "நான் ஒவ்வொரு நாளும் கறுப்பா வீட்ட போறவன், மாமா. இண்டைக்கி நீலம். பரவால்ல" என்றார். முதலில் சிரித்தது தாடி நீலமான அவருடைய வாப்பா. பிறகு பெரியப்பாவுக்கும் வேறு வழியிருக்கவில்லை.

நிக்காஹ் நல்லபடி முடிந்தது. எல்லோரும் மண்ணெண்ணெயில் கை கழுவி, ஆறு ஆறு பேராக ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து புரியாணி சாப்பிட்டார்கள். அந்தச் சோற்றின் மணத்தைப் பற்றி நுரைச்சோலையில் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

மறுநாள் காலை நானும் ஜப்பாரும் பெயின்ட்டைச் சுரண்டப் பார்த்தோம். தோல் நடுவால் கிழிந்தது. அவன் கிழிந்த இடத்தைத் தடவினான். "வாப்பாட கை பட்ட தோல்" என்று மட்டும் சொன்னான். மாப்பிள்ளையின் பெரியப்பா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பிளேன்டீ தந்தார், கை தரவில்லை.

இப்போது தாளில் மட்டும்தான் வரைகிறேன். கற்பிட்டிக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் வாங்கிப் போகிறார்கள். சொந்தக்காரர்கள் மட்டும் எந்த விசேஷத்திலும் எனக்கு சலாம் சொல்லும் முன் என் கையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். நஸ்ரினின் சின்ன மகனும் பார்க்கிறான். அது சலாமின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் ஜப்பார் புதுத் தோல் போட்ட றபானை என்னிடம் தந்தான். முதலில் என் இரண்டு கையையும் புரட்டிப் பார்த்தான்.

"இந்தா, நீ காய்ச்சு."

காய்ச்சிக் கொடுத்தேன். அடித்தான். சத்தம் வந்தது, ஆனால் தெருக்கோடிக்கு எட்டுகிற பழைய சத்தம் இல்லை.

"எப்பிடி?" என்று கேட்டான்.

"நல்லாத்தான் இரிக்கிது" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "ஓம் மச்சான். உன்ட கடலும் நல்லாத்தான் இருந்திச்சு."