குகதாசனின் முழங்கை

முருங்கைக்காய்க் கட்டுக்கு அடியில் ஒரு சோடிச் சிவப்புக் குத்துச்சண்டைக் கையுறை கிடந்ததைக் குகதாசன் கண்டபோது, மனைவி கோசலை குளியலறையில் பாடிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமைகளில் நாலு மணிக்கு மரக்கறி வாங்கப் புறப்படுகிறவள் ஆறு மணிக்குத்தான் திரும்புவாள். "ரெண்டு முருங்கைக்காய்க்கு ரெண்டு மணித்தியாலமோ?" என்று கேட்டால், "ஒரே சனமப்பா" என்பாள்.

இப்போது கையுறை. யாருக்கு அடிக்கப் பழகுகிறாள்? அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருத்தி கோசலை.

அடுத்த சனிக்கிழமை, ரூ லூயி-பிளாங் தெருவில் தான் வேலை செய்யும் பயண முகவர் நிலையத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவளைப் பின்தொடர்ந்தார். பத்தொன்பது வருடமாக அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி அன்றுதான் வெறுமையாகக் கிடந்தது.

கோசலை ஒரு பழைய கட்டடத்துக்குள் நுழைந்து மாடிப்படி ஏறினாள். கீழ்த்தளக் கூடத்தில் மேளமும் குழலும் ஒலிபெருக்கியில் அலறிக்கொண்டிருந்தன. குகதாசன் அவள் கண்ணில் படாதிருக்க நைசாக அதற்குள் போய், தொங்கிக்கொண்டிருந்த மணல்மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தார். மறுபக்கம் யாரோ கணைக்காலால் மூட்டையை உதைத்தார்கள். அவர் தரையில் கிடந்தார்.

"புதியவரா? ஏன் தாமதம்?" என்று பிரெஞ்சில் கேட்டபடி ஒரு குட்டையான பெண் அவரைத் தூக்கி நிறுத்தினாள். கம்போடியாவிலிருந்து வந்த ஒருவரின் மகள், பெயர் ஆரெலி. அங்கே கெமர் எனும் கம்போடியக் குத்துச்சண்டை பழக்குகிறவள்.

இல்லை என்று சொன்னால், பெண்டாட்டியை வேவு பார்க்க வந்தேன் என்று சொல்லவேண்டும். "உய்" என்று பிரெஞ்சிலேயே ஆமாம் போட்டார் குகதாசன்.

"முழங்கைதான் எங்களுடைய பெரிய ஆயுதம். தலை வாருவதுபோலக் கையை மடக்குங்கள். அடி கையிலிருந்து வரக்கூடாது. இடுப்பிலிருந்து வரவேண்டும்."

குகதாசனுக்குத் தலையில் வாருவதற்கு ஒன்றும் இல்லை. இடுப்போ வேறு யாருடையதோ போல அசையாமல் நின்றது. முழங்கை தனியாகப் போய் ஆரெலி ஏந்திய பயிற்சித் தட்டில் மோத, தட்டு திரும்பி வந்து அவர் கண்ணில் மோதியது.

"கண்ணுக்கு என்னப்பா?" என்றாள் கோசலை வீட்டில்.

"மெத்ரோக் கதவு இடிச்சிட்டுது."

"கதவு கண்ணிலையோ இடிச்சது?"

"நான் குனிஞ்சனான்."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று குகதாசன் பயந்தார்.

மறு சனிக்கிழமை எப்படியாவது மாடிக்குப் போய் அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க நினைத்தார். முதல் படியிலேயே ஆரெலி அவரைப் பிடித்தாள். "முசியே குகா, இன்று முழங்கால்!" அன்று உதடு வீங்கியது. அதற்கடுத்த வாரம் கணைக்கால். நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனார்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே? கோவிக்காதையுங்கோ" என்றான் பக்கத்து மேசைக் கீர்த்தனன். "அண்ணி உங்களுக்கு அடிக்கிறவவோ?"

"சீ! படியிலை விழுந்தனான்."

"அடி வாங்கிற எல்லாரும் படி எண்டுதானண்ணை சொல்லுறவை."

மாலைக்குள் ரூ லூயி-பிளாங் முழுவதும் கதை பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயில் மாதர் சங்கத்துச் சாரதாதேவி பட்டுச்சேலையோடு வந்து சோபாவில் அமர்ந்தார்.

"பிள்ளை கோசலை, ஆம்பிளை எண்டாலும் அதுவும் ஒரு உயிர்தானே. கை நீட்டலாமோ?"

தேத்தண்ணித் தட்டோடு வந்த கோசலை அப்படியே நின்றாள். "நானோ? இவருக்கோ?"

மனைவியின் மானத்தைக் காப்பாற்றக் குகதாசன் துள்ளி எழுந்தார். "இல்லையக்கா! அவ எனக்கு இப்பிடியெல்லாம் அடிக்கேல்லை!"

'இப்பிடி' என்பதைச் செய்தும் காட்டினார். மூன்று வாரமாகத் திரும்பாத இடுப்பு அன்றைக்குத்தான் அழகாகத் திரும்பியது. முழங்கை பறந்தது, தட்டு பறந்தது, மூன்று கோப்பைத் தேத்தண்ணியும் பட்டுச்சேலையில் இறங்கின.

"ஐயோ, ரெண்டு பேருமெல்லோ அடிக்கினம்!" சாரதாதேவி லிஃப்டுக்கும் காத்திராமல் நாலு மாடியும் ஓடி இறங்கினார்.

கோசலை தரையைத் துடைத்தாள். குகதாசன் உருண்ட கோப்பைகளைப் பொறுக்கினார். இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளிடம் ஒரு வார்த்தை நேரே கேட்காமல் ஊர் முழுக்கக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தாயிற்று. அவள் தனக்கே அடிக்கப் பழகினாலும், அதில் பிழையில்லை என்று தோன்றியது.

சனிக்கிழமை வந்ததும் ஒளியாமல் மறையாமல் நேரே கட்டட வாசலுக்குப் போனார். அங்கே பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தவர் லூர்துசாமி, ஓய்வுபெற்ற புதுச்சேரிக்காரர்.

"ஐயா, என்ரை மனிசி கோசலை மேலை எந்த வகுப்பிலை நிக்கிறா? நான் அவவிட்டை மன்னிப்புக் கேக்கவேணும்."

லூர்துசாமி மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"மாடியில ஏது முசியே வகுப்பு, அது என் வீடு! அவங்க என் சம்சாரத்தோட கேரம் ஆடிக்கிட்டு இருக்காங்க. 'சந்தேகம் வந்தாத்தான் எங்க வீட்டுக்காரர் நாற்காலிய விட்டு எழுந்திருப்பாரு'ன்னு சொல்லி, செப்தாம்பர் மாசத்துலயே இங்க குத்துச்சண்டைக்கு உங்க பேரைப் பதிஞ்சு, கையுறையும் வாங்கிட்டுப் போனாங்களே!"