சாமிதுரை லாரியின் சத்தமும் ஐவர் குழுவும்

நிலவுக்கு ராக்கெட் விடுவதெல்லாம் ஒரு சாதனையா? ஆளும் அம்பும் இருந்தால் யார் வேண்டுமானாலும் விடலாம். ஒரு பழைய லாரியின் செல்ஃப் மோட்டார் ஏன் கத்துகிறது என்று கண்டுபிடிக்க ஐந்து பேர் கொண்ட உயர்நிலைக் குழு அமைத்து, கோப்பு திறந்து, ஃப்ளெக்ஸ் கட்டி, நான்கே நாளில் அந்தச் சத்தத்தை அடியோடு ஒழித்துக் காட்டினார்களே, அதுதான் சாதனை! அந்தப் பெருமை விருத்தாசலம் மணிமுத்தா பீங்கான் சங்கத்துக்கு மட்டுமே உரியது. வேறு எந்த ஊராவது பங்கு கேட்டு வந்தால் கேஸ் போடுவோம்.

சாமிதுரை அந்தச் சங்கத்தின் ஒரே லாரிக்கு ஒரே டிரைவர். லாரிக்குப் பத்தொன்பது வயது. அவர் அந்த சீட்டில் உட்கார்ந்து பதினேழு வருடம். சாவியைத் திருப்பினால் சமர்த்தாகக் கிளம்பிக்கொண்டிருந்த வண்டிதான். போன மாதம், இஞ்சினைச் சுற்றிக் கிளப்பிவிடுகிற அந்த செல்ஃப் மோட்டார் ஆயுசு முடிந்து அடங்கியது. சங்கம் புது மோட்டார் வாங்கியது. கடையிலிருந்து வந்த ஆள் மாட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு, கும்பிடு போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை சாமிதுரை சாவியைத் திருப்பினார்.

“க்ர்ர்ரீய்ய்ச்!”

வேப்பமரத்துக் காக்காய் அத்தனையும் ஸ்ரீமுஷ்ணம் பக்கம் பறந்தன. வண்டி என்னவோ கிளம்பிவிட்டது. ஆனால் சாமிதுரைக்குப் பல் கூசியது. உடனே அணைத்துவிட்டு லாரிக்கு அடியில் புகுந்து பார்த்தார். இரண்டு நிமிடத்தில் விஷயம் விளங்கிவிட்டது. பாவம், படிக்காத மனிதர். அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் விளங்கிவிட்டது.

சங்கச் செயலாளர் தேவநாதனிடம் ஓடினார்.

“சார், பழைய மோட்டாருக்கும் இஞ்சினுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு தகடு இருந்துச்சுங்க. மாட்டுன ஆளு அத வெக்க மறந்துட்டாரு. மோட்டார் பல்லு அளவுக்கு மீறி உள்ள போயி இஞ்சினோட ஃப்ளைவீல் சக்கரத்துப் பல்ல உரசுது. தகட்ட வெச்சா பத்து நிமிஷ வேலை. அப்பிடியே உட்டா ஒவ்வொரு தடவ சாவி போடும்போதும் பல்லு தேஞ்சிக்கிட்டே வரும்ங்க.”

தேவநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சாமிதுரை, நீங்க யாரு?”

“டிரைவருங்க.”

“வண்டி ஓட்டறது உங்க வேலை. காரணம் கண்டுபிடிக்கறது உங்க வேலையா?”

“அப்ப யாரு வேலைங்க?”

“அத முடிவு பண்ணத்தான் மீட்டிங் போடப்போறேன். அதுவரைக்கும் யாரும் ஸ்பேனரத் தொடக் கூடாது. இன்னொண்ணும் கேட்டுக்குங்க. இந்த மோட்டாரும் சரிவரலைன்னா வண்டிய ஏலத்துல உட்டுடறதுன்னு தீர்மானமே இருக்குது. வண்டி போனா உங்களுக்கு சூளையில மண்ணு சலிக்கிற வேலை.”

சாமிதுரை லாரியைத் திரும்பிப் பார்த்தார். ஐம்பத்து நான்கு வயதில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சல்லடை பிடிப்பதா? அந்தப் பாழாய்ப்போன லாரியை அவர் திட்டாத நாள் கிடையாது. ஆனால் வேறு எவனாவது அதைத் திட்டினால் அடிக்கப் போவார். அப்படிப்பட்ட வண்டி அது.

அன்று மாலையே செல்ஃப் மோட்டார் மேல் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. ‘குழுவின் அனுமதியின்றித் தொடுவது தண்டனைக்குரியது.’ கீழே ரப்பர் ஸ்டாம்ப்.

புதன்கிழமை ‘ஓசை ஆய்வு முகாம்’ குத்துவிளக்கேற்றித் தொடங்கியது. ஷெட்டுக்கு முன்னால் மேசை, ஐந்து நாற்காலி, ஐந்து தண்ணீர் பாட்டில். தலைவர் தேவநாதன். உறுப்பினர்களில் மூத்தவர் குஞ்சிதபாதம். சங்கத்தில் செய்கிற ஒவ்வொரு கப்பையும் விரலால் சுண்டி, காதில் வைத்துக் கேட்டு, கீறல் உண்டா இல்லையா என்று முப்பது வருடமாகத் தீர்ப்புச் சொல்கிறவர். அடுத்தவர் கிரிதர். சங்கத்தை ‘நவீனமயமாக்க’ ஆறு மாதத்துக்கு முன்னால் வந்த ஆலோசகர். மீதி இரண்டு பேர் பஜ்ஜிக்காக வந்த இயக்குநர்கள்.

சாமிதுரை சும்மா வரவில்லை. வீட்டிலேயே தகரம் வெட்டி, அளவு பார்த்து, ஓட்டை போட்டுத் தகட்டைத் தயாராகக் கொண்டுவந்திருந்தார். அதை மேசையில் வைத்தார்.

“இதுதாங்க சார் அது. இப்ப உத்தரவு குடுத்தீங்கன்னா டீ ஆறறதுக்குள்ள மாட்டிடுவேன்.”

தேவநாதன் அதைத் தூக்கிப் பார்த்தார். “சபாஷ்! நல்ல நேரத்துல குடுத்தீங்க” என்று சொல்லி, காற்றில் பறந்துகொண்டிருந்த ஆய்வு அறிக்கைத் தாள்களின் மேல் அதை வைத்தார். தாள்கள் அடங்கின. “சரி, வண்டியப் போடுங்க. கேப்போம்.”

“க்ர்ர்ரீய்ய்ச்!”

குஞ்சிதபாதம் கண்ணை மூடிக்கொண்டார். கச்சேரிக்கு வந்தவர் போலத் தலையை ஆட்டினார்.

“இன்னொரு தடவ.”

“க்ர்ர்ரீய்ய்ச்!”

“ஆகா! உள்ளே கீறல் இருந்தா டொக்குன்னு செத்த சத்தம் வரும். இது கணீர்னு காத பொளக்குது. அப்பழுக்கு இல்லாத உருப்படி. முதல் தரம்!” என்று எழுந்து போய் லாரியின் முன்பக்கம் சாக்பீஸால் ஒரு டிக் அடித்தார்.

“ஐயா, அது கப்புக்குங்க. இது இரும்பு” என்றார் சாமிதுரை.

“கப்போ இரும்போ, சத்தம் சத்தம்தானே ஓய்?”

கிரிதர் இதை ஏற்கவில்லை. அவர் அறிவியல்வாதி. செல்போனில் சத்தம் அளக்கிற ஆப் ஒன்றைத் திறந்து லாரியை நோக்கி நீட்டினார். நூற்று நான்கு டெசிபல் என்று காட்டியது. “ஒரு தடவ அளந்தா அது டேட்டா இல்லண்ணே. பத்து தடவ அளந்து சராசரி எடுக்கணும்.”

பத்து தடவை அளந்தார்கள். ஏழாவது தடவை அவருக்கு ஃபோன் வந்துவிட்டதால் முதலிலிருந்து மறுபடியும் பத்து.

ஒவ்வொரு தடவையும் சாமிதுரை தன் பல்லையே அரத்தால் ராவுகிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சாவியைத் திருப்பினார். “போதும்ங்க, சார்! தேயுதுங்க, சார்!” என்று கெஞ்சினார். ஆலோசகர் அதையும் குறித்துக்கொண்டார்: ‘டிரைவர் பதற்றமாக இருந்தார்.’

வியாழக்கிழமை பஜ்ஜி இயக்குநர்களில் ஒருவர் சொன்னார்: “நேத்து நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன், சரியா காதுல உழல. எனக்காக ஒரு தடவ.” இன்னொருவர், “அவருக்கு மட்டும் போட்டா எப்பிடி? எனக்கும் போடுங்க” என்றார். வெயில் நேரச் சத்தம் ஒரு பட்டியல், நிழல் நேரச் சத்தம் ஒரு பட்டியல். கூடச் சூளை ஆட்களின் ‘பொதுமக்கள் கருத்துக் கேட்பு’ வேறு. அவர்களும் கேட்டால்தானே கருத்துச் சொல்ல முடியும்? அவர்களுக்காகவும் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாமிதுரை லாரிக்கு அடியில் கையை நீட்டிக் கொஞ்சம் இரும்புத் தூளை அள்ளிக்கொண்டு வந்தார். “இத்த பாருங்க சார். பல்லு பொடிப்பொடியா கொட்டியிருக்குது. இனிமே தாங்காது. உங்க கால்ல வேணா உழறேன்.”

குழு அந்தத் தூளைச் சுற்றி நின்று வெகு நேரம் ஆராய்ந்தது.

“பாத்தீங்களா!” என்றார் தேவநாதன் பூரிப்போடு. “உள்ள இருந்த அழுக்கெல்லாம் தானா வெளிய வருது. சரியான பாதையிலதான் போயிக்கிட்டு இருக்கோம்.”

பலத்த கைதட்டல். அந்த உற்சாகத்தில் இன்னும் பன்னிரண்டு தடவை போடச் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை அந்த அற்புதம் நிகழ்ந்தது. வேப்பூர் ஹோட்டல்களுக்குப் போகவேண்டிய கப் லோடு முதல்நாளே ஏற்றியாகிவிட்டது. இறக்குகிற ஆட்கள் விடியற்காலை பஸ்ஸிலேயே முன்னால் போய்விட்டார்கள். சாமிதுரை சாமியை வேண்டிக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

“சுர்ர்ர்ர்...”

டேபிள் ஃபேன் சுற்றுகிற மாதிரி ஒரு மென்மையான ஓசை. அவ்வளவுதான். இஞ்சின் அசையவில்லை. மறுபடியும் திருப்பினார். சுர்ர்ர்ர். செல்ஃப் மோட்டார் தன்பாட்டுக்குச் சுற்றியது. கடித்துப் பிடிக்க ஃப்ளைவீல் பக்கம் பல் மிச்சமில்லை. சாமிதுரை ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பதினேழு வருடம்! சல்லடை கண்முன்னால் ஆடியது.

வெளியே ஒரே ஆரவாரம். “சத்தம் போச்சு! சத்தம் போச்சு!” கிரிதர் ஆப்பைக் காட்டினார், முப்பத்தெட்டு. குஞ்சிதபாதம் தேவநாதனுக்குத் துண்டு போர்த்தினார். அங்கேயே அறிக்கை எழுதி முடிக்கப்பட்டது. ‘நான்கு நாள் அயராத ஆய்வின் பயனாக மேற்படி வாகனத்தின் சத்தம் அறவே நீங்கி, வாகனம் பூரண குணமடைந்துள்ளது.’ ஐந்து கையெழுத்து. ஐந்துக்கும் ஸ்டாம்ப்.

“சார், வண்டி கெளம்பலைங்களே” என்றார் சாமிதுரை.

“கோப்புல என்னா புகார் எழுதியிருக்குது? சத்தம்னு எழுதியிருக்குது. கெளம்பலன்னு எங்கியாவது எழுதியிருக்குதா?” என்றார் தேவநாதன்.

சாமிதுரை அறிக்கையை வாங்கி எழுத்துக்கூட்டி ஒருமுறை படித்தார். பிறகு இன்னொருமுறை படித்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது.

“அப்ப வண்டி பூரண குணம்ங்களா?”

“பூரண குணம்.”

“ஏலம் கீலம்...?”

“கொணமான வண்டிய எவனாவது ஏலத்துல உடுவானா? அப்பறம் எங்க அறிக்கைக்கு என்னா மரியாத?”

சாமிதுரை அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சிரிப்பை மட்டும் மடித்து வைக்க முடியவில்லை.

“ரொம்ப சந்தோசம்ங்க. வேப்பூர்ல ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க, லோடு நேரத்துக்குப் போவணும். கொணமான வண்டிதான், லேசா பின்னாடி கை குடுத்தா போதும். நீங்க அஞ்சு பேரு இருக்கீங்களே.”

மாட்டேன் என்றால் வண்டி குணமாகவில்லை என்று ஆகிவிடும். ஐவரும் வெள்ளைச் சட்டைக் கைகளை மடித்தார்கள். ஷெட்டிலிருந்து ரோடு வரைக்கும் இறக்கமாக இருந்ததால் பிழைத்தார்கள். “ஏலேலோ” என்று குஞ்சிதபாதமே குரல் கொடுத்தார், நல்ல நாதம். கேட்டைத் தாண்டியதும் சாமிதுரை கிளட்சை விட்டார். லாரி ஒரு குலுக்குக் குலுக்கி, இருமி, ஐவர் குழுவின் மேல் கரும்புகையை ஊதிவிட்டு உயிர்பெற்றது.

எதிரே டீக்கடை அம்புஜவல்லி பாய்லரை விட்டுவிட்டு ரோட்டுக்கே வந்துவிட்டாள். கரி பூசிய முகங்களோடு நடுரோட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஐவரையும் பார்த்தாள். சாமிதுரையைப் பார்த்தாள்.

“என்னாண்ணே இது அநியாயம்! நல்லா ஓடுன வண்டியாச்சே, அப்பிடி என்னா நோவு வந்துச்சு?”

சாமிதுரை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“நோவெல்லாம் ஒண்ணும் பெருசா இல்ல தங்கச்சி. அஞ்சு பேரு சேந்து வைத்தியம் பாத்தாங்க, அதான்.”