செம்புத் தகடும் சிவப்பு ஒயரும்

தீபாவளி முடிந்து பட்டாசு கம்பெனிகள் அடைத்துக் கிடந்த மாதம். போனஸ் வாங்கிய கை சும்மா இருக்குமா? வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில் வீட்டுக்கு வீடு ஸ்பீக்கர் வந்து இறங்கியது. அலமாரியில் வைக்கிற சின்ன ஜோடிப் பெட்டிகள், அவற்றுக்கு நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கர் இறங்கிய மறுவாரமே நாதசித்தர் ஜெயபாண்டி சுவாமிகளும் வந்து இறங்கினார். வெல்லம் வந்த வீட்டுக்கு எறும்பு வர அழைப்பிதழா வைக்க வேண்டும்?

சுவாமிகள் முன்பு வீட்டு வாஸ்து பார்த்தவர். வட்டாரத்தில் இடிக்க வேண்டிய சமையலறைகளை எல்லாம் இடித்தாகிவிட்டது. மாற்ற வேண்டிய கதவுகளை எல்லாம் மாற்றியாகிவிட்டது. தொழில் படுத்த நேரத்தில் அவருக்கு ஞானம் பிறந்தது. ஞானம் எப்போதுமே அப்படி நேரம் பார்த்துத்தான் பிறக்கும். வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு புதுப் பெட்டியிலும் 'நாத தோஷம்' இருக்கிறதாம். தோஷம் உள்ள பெட்டி ஜீவன் இல்லாமல் பாடுமாம். அது பாடுகிற வீட்டில் மனுச ஜீவனும் தங்காதாம். இதற்குப் பரிகாரம் மந்திரம் ஏற்றிய செம்புத் தகடு. பெட்டிக்கு அடியில் வைத்தால் போதும், தோஷம் பறந்துவிடும்.

சமுதாயக் கூடத்தில் அவர் தங்கியிருந்தார். வாசலில் ரேஷன் கடையைத் தோற்கடிக்கும் கூட்டம். செம்புத் தகட்டில் என்ன இருக்கிறது என்று கேட்ட ஒன்றிரண்டு பேரையும் சுவாமிகள் ஒரே கேள்வியில் மடக்கினார்.

"கம்பெனியில வெடிமருந்து ரூம்புக்குள்ள போகுமுன்ன வாசல்ல எதைத் தொட்டுட்டுப் போறீக?"

"செம்புத் தகட்டைத்தான் சாமி."

"எதுக்கு?"

"ஒடம்புல உள்ள கரண்டு எறங்கணும்னு."

"அம்புட்டுத்தான்! ஒங்க மொதலாளிக்குத் தெரிஞ்சது ஒங்களுக்குத் தெரியலையே!"

கூட்டம் வாயைப் பிளந்தது. அதன் பிறகு எவன் கேள்வி கேட்பான்?

தெருவில் எல்லா வீடும் தகடு வைத்த பிறகுதான் இருளம்மாளுக்குப் பயம் பிடித்தது. அவள் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறவள். அவள் வீட்டுப் பெட்டி தலைத் தீபாவளிச் சீர். மருமகள் பாண்டிச்செல்வியின் அண்ணன் கொடுத்தது. பாண்டிச்செல்விதான் அதைப் பிரித்து, கூட வந்த தாளைப் படித்து, ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு முனையில் இருந்து பெட்டியின் சிவப்பு முனைக்கு ஒரு ஒயர், கறுப்பில் இருந்து கறுப்புக்கு ஒரு ஒயர் என்று இரண்டு பெட்டிக்கும் மாட்டினாள். பிளக்கைச் சொருகி நையாண்டி மேளத்தைப் போட்டாள். தவில் அடி நெஞ்சுக்குள் விழுந்தது. மாமனார் தங்கச்சாமி கம்பெனி போர்மேன், வாய் திறக்காத மனிதர். அவரே கால் பெருவிரலை ஆட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"நல்லாத்தானே பாடுது அத்த, எதுக்குச் சாமியைக் கூப்பிடணும்?" என்றாள் பாண்டிச்செல்வி.

"தெருவே அவருகிட்டக் காட்டிருச்சு தாயி. நாம மட்டும் காட்டலைன்னா ஊரு என்ன சொல்லும்?"

ஊர் என்ன சொல்லும் என்று பயந்து செய்கிற காரியங்களைக் கழித்துவிட்டால் நம் ஆட்களுக்குப் பாதி நாள் ஓய்வு கிடைக்கும். அது யாருக்கு வேண்டும்?

சுவாமிகள் வந்தார். விபூதிப் பையும் காவி வேட்டியும் அவருக்கு முன்னால் வந்தன. பெட்டியை ஒரு பாட்டம் கேட்டார். முகத்தைச் சுளித்தார்.

"எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிடுங்க. நாடி பாக்கப் போறேன். தோஷம் அசையிற நேரம் யாரு கண்ணைத் திறந்தாலும் பார்வை அவிஞ்சு போகும். சொல்லிட்டேன்."

இருளம்மாள் இமையை இறுக்கிக்கொண்டாள். மந்திரம் கேட்டது. பெட்டிக்குப் பின்னால் ஏதோ சரசரத்தது. கண்ணைத் திறந்தபோது தவிலைக் காணோம்! பாட்டு ஓடுகிறது, நாகஸ்வரம் எங்கோ பக்கத்துத் தெருவில் கேட்கிற மாதிரி இருக்கிறது, அடி இல்லை, கனம் இல்லை. சோறு இருக்கிறது, உப்பு இல்லை என்பார்களே, அந்தக் கதை.

"பாத்தீகளா ஆத்தா? இதுதான் இந்தப் பெட்டியோட உண்மையான கொரல்."

மற்ற வீடுகளில் இதற்குப் பிறகு தகட்டை வைப்பார். இன்னொரு தடவை கண்ணை மூடச் சொல்வார். ஜீவன் திரும்பி வரும். தட்சிணை கை மாறும். இங்கேயும் அப்படித்தான் முடிந்திருக்கும். பாண்டிச்செல்வி வாய் சும்மா இருந்தால்தானே!

"ஏன் சாமி, தோஷம் எங்க கண்ணைத்தான் அவிக்குமா? நீங்க மட்டும் திறந்துதானே வச்சிருக்கீக?"

சுவாமிகள் அவளை ஒரு பார்வை பார்த்தார். தகட்டை வைத்தார், மந்திரம் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார். திறந்தபோதும் பாட்டு அதே சப்பைதான்.

"தகடு கேக்க மாட்டேங்குது ஆத்தா. தோஷம் பெட்டியில இல்ல. பெட்டியைச் சீராக் கொண்டுவந்த மருமககிட்ட இருக்கு. ஒம் மகன் என்ன வேலை பாக்கான்?"

"மருந்து கலக்குற ரூம்புல சாமி."

சுவாமிகள் 'உச்' கொட்டினார். "திங்கக்கிழமை கம்பெனி தொறக்குதோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஊரில் அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எங்கேயாவது வெடித்துவிட்டது என்று காதில் விழுந்தால் அடுப்பில் இருப்பது கருகட்டும் என்று விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடுகிற பெண்கள் அவர்கள். எந்தக் கம்பெனி என்று தெரிகிற வரைக்கும் நிற்கிற அந்த நிற்பை இருளம்மாள் நின்றிருக்கிறாள். மகன் கதிரவன் போனை எடுக்காத நிமிஷங்களில் செத்துப் பிழைத்திருக்கிறாள். அந்தப் பயத்தில்தான் சுவாமிகள் கை வைத்தார். கேடு கெட்டவன்! பாம்பு கூடப் பசித்தால்தான் கொத்தும்.

தீர்ப்பு சுருக்கமானது. ஞாயிற்றுக்கிழமை ஊர் அறிய மருமகள் படி இறங்க வேண்டும். ஒரு மண்டலம் அம்மா வீட்டில் இருக்க வேண்டும். அவள் இறங்கிய கணமே பெட்டி தானாக ஜீவனோடு பாடும். அந்தப் பெட்டியை அதுவரை அணைத்தும் வைக்கக் கூடாது, இடம் மாற்றவும் கூடாது.

"அவ போனா நானும் போறேன்" என்று கதிரவன் குதித்தான். இருளம்மாள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மருமகளை அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. பெண் பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பெண்ணாக வந்தவள். ஆனால் மகன் உயிரோடு இருக்க வேண்டுமே. தங்கச்சாமி வழக்கம்போல விட்டத்தைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் பாண்டிச்செல்வி அலமாரியைத் துடைக்கிற சாக்கில் பெட்டிக்குப் பின்னால் குனிந்தாள். நெடுநேரம் குனிந்தே இருந்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் அழுகையைக் காணோம்.

"அத்த, நான் போறேன். ஒரு மண்டலம் என்ன, ரெண்டு மண்டலம்னாலும் போறேன். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். தோஷம் எங்கிட்டதானே இருக்கு? அப்ப சாமி பெட்டிக்குப் பின்னால கை வைக்காமலே அது பாடணும். ரெண்டு பெட்டியிலயும், நடுவுல உள்ள ஆம்ப்ளிஃபயர்லயும் ஒயர் மாட்டுற எடத்துல நீங்களே லேபிளை ஒட்டிருங்க."

இருளம்மாள் யோசித்தாள். கேட்பதில் நியாயம் இருந்தது. அதோடு, லேபிள் ஒட்டச் சொன்னால் அவள் கை நிற்காது. மைதாப் பசை காய்ச்சி, சரவெடி லேபிள் மூன்று எடுத்து, ஒயரையும் முனையையும் சேர்த்து அழுத்தி ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தல் போடாத குறை. தோஷம் படி இறங்குவதைப் பார்க்க மூன்று தெரு ஜனம் வந்திருந்தது. மிக்சர் பொட்டலம் கூட வந்திருந்தது. பாண்டிச்செல்வி பையோடு படி இறங்கினாள். கதிரவன் பைக்கோடு நின்றான்.

"கண்ணை மூடுங்க!" என்று சுவாமிகள் முழங்கினார். பெட்டிக்குப் பின்னால் போனார். மந்திரம் பாதியில் நின்றது.

"இது என்ன ஆத்தா, காயிதம்?"

"லேபிள் சாமி" என்றாள் இருளம்மாள் கண்ணை மூடியபடியே. "கிழியாமப் பாத்துக்கோங்க. மருமக எறங்கிட்டா. இனி ஒயருல ஒங்களுக்கு என்ன சோலி?"

சுவாமிகள் தொண்டையைச் செருமினார். பெட்டி சப்பையாகவே பாடியது.

"அவ பக்கத்துலயே நிக்கா. தெருமுக்குக்குப் போகச் சொல்லுங்க."

"போயிட்டா சாமி!" என்று தெருமுக்கில் இருந்து குரல் வந்தது. பெட்டி கேட்டால்தானே?

"ஊரு எல்லையைத் தாண்டச் சொல்லுங்க."

பைக் கிளம்பியது. கூட்டம் வெயிலில் காய்ந்தது. மிக்சர் தீர்ந்தது. தங்கச்சாமியின் போன் அடித்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, டேம் கரைக்கே வந்துட்டோம். இன்னும் போகணும்னா தண்ணிக்குள்ளதான் எறங்கணும். சாமிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். சுவாமிகளின் விபூதி வேர்வையில் கரைந்து ஒழுகியது.

"கடைசித் தடவை! எல்லாரும் நல்லா இறுக்கி மூடுங்க. திறந்தா பார்வை போயிரும்!"

இருளம்மாள் மூடினாள். மூடிய கண்ணுக்குள் மருமகள் பையோடு இறங்கிய முதுகு தெரிந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. இடது கண்ணில் ஏற்கெனவே புரை. போனால் அது போகட்டும் என்று அந்த ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். பக்தியும் விடக் கூடாது, முழுக்க நட்டமும் படக் கூடாது. கெட்டிக்காரி!

புரைக்குள்ளும் நன்றாகவே தெரிந்தது. நாதசித்தர் எச்சில் தொட்டுத் தொட்டு லேபிளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மைதாப் பசை விடவில்லை. வாய் மந்திரம் சொன்னது, நகம் காகிதத்தைக் கிழித்தது. ஒரே பெட்டியில் இரண்டு ஒயரையும் பிடுங்கினார். சிவப்பை இருந்த இடத்திலிருந்து அடுத்த முனைக்கு மாற்றினார். தவில் 'திம்' என்று நெஞ்சுக்குள் விழுந்தது.

"சாமீ!" என்று கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. சுவாமிகள் திரும்பினார். அவர் மணிக்கட்டு இருளம்மாள் கையில் இருந்தது.

இருளம்மாள் அடுத்த கண்ணையும் திறந்தாள். பார்வை போகவில்லை. அவள் குனிந்து, அவர் செய்ததையே செய்தாள். தவில் போயிற்று. மறுபடி மாற்றினாள். தவில் வந்தது.

"பாருங்கடி! தோஷத்தை நான் வைக்கேன். நானே எடுக்கேன். எனக்கு என்ன சித்தர்னு பட்டம் குடுப்பீக?"

தெருவே எட்டி எட்டிப் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தது. எதிர்வீட்டு சொர்ணலட்சுமிக்கு மட்டும் அப்போதும் நம்ப மனசு வரவில்லை. "ஒம் மருமக டேம்ல இருக்காள்ல மதினி? அதான் பெட்டி பாடுதோ என்னமோ" என்றாள். குழியில் விழுந்தவர்களைத் தூக்கலாம். குழி நன்றாக இருக்கிறது என்பவர்களை என்ன செய்ய?

"ஏலே கதிரவா, அவளைக் கூட்டிக்கிட்டு வாலே!" என்று போனில் கத்தினாள் இருளம்மாள்.

பாண்டிச்செல்வி வந்தாள். வாசலில் நின்றாள். தவில் குறையவில்லை. உள்ளே வந்தாள், பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அது இன்னும் கூடுதலாக முழங்கிய மாதிரி இருந்தது.

"ஒரு பெட்டியில மட்டும் ஒயரை மாத்திட்டா, அது முன்னால தள்ளுற நேரம் மத்தது பின்னால இழுக்கும் அத்த. ஆளுக்கொரு பக்கம் இழுத்தா தேரு நகருமா? கூட வந்த தாள்லயே போட்டிருக்கு, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்புன்னு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லடி?"

"சொன்னா நம்பியிருப்பீகளா?"

இருளம்மாள் மருமகள் முகத்தைப் பார்த்தாள். "நம்பியிருக்க மாட்டேன் தாயி" என்றாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. மருமகள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் அதிசயம் நடந்தது. தங்கச்சாமி வாய் திறந்தார். பெட்டிக்கு அடியில் இருந்த தகட்டை உருவி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கம்பெனித் தகட்டுல இருந்து ஒரு கம்பி பூமிக்குள்ள போகுது. கரண்டு அதுவழியா எறங்குது. இந்தத் தகட்டுல இருந்து எங்க சாமி போகுது? ஒங்க பைக்குள்ளயா?"

சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் போயிற்று. சுவாமிகள் உட்கார்ந்துவிட்டார். எங்கே படித்தாய் இந்த வித்தையை என்று நாலு பேர் உலுக்கினார்கள். இமயமலை என்றார் முதலில். இன்னும் கொஞ்சம் உலுக்கியதும் இமயமலை இதே ஜில்லாவில் இருக்கிற மல்லாங்கிணற்றுக்கு வந்தது.

"மைக் செட் கடையில வேலை பாத்தேன் அண்ணாச்சி. ஒரு கல்யாண வீட்டுல ஒயரை மாத்தி மாட்டிட்டேன். மொதலாளி அடிச்ச அடியில கத்துக்கிட்டது."

தட்சிணை எல்லாம் அந்த இடத்திலேயே திரும்பி வந்தது. வாங்கிக்கொண்ட பிறகும் ஒருத்தர் மெல்லக் கேட்டார், தகட்டைத் தூக்கிப் போட்டால் ஏதும் ஆகாதே என்று. இருளம்மாளுக்கு வந்ததே கோபம்! படியில் ஏறி நின்று மொத்தக் கூட்டத்தையும் பார்த்துச் சொன்னாள்:

"கம்பெனி கேட்டுல மடியைத் தடவிப் பாத்து, தீப்பெட்டி இல்லைன்னு தெரிஞ்ச பொறவுதான் நம்மளை உள்ள விடுறாக. நம்ம வீட்டு வாசல்ல மட்டும் எவன் எதை மடியில கட்டிக்கிட்டு வந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு உள்ள விடுறோம். குடும்பம் வெடிக்காம வேற என்ன செய்யும்?"