காது மிஷின்காரரின் ரகசிய பட்டன்

இந்த ஒரு விஷயத்திலாவது மனைவியிடம் யோசனை கேட்பதில்லை என்று காது மிஷின்காரர் முடிவு செய்துவிட்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் எடுத்த முடிவுகளில் இது ஒன்றுதான் முழுக்க முழுக்க அவரே எடுத்தது. அதனால் அதன்மேல் அவருக்குத் தனிப் பாசம்.

காது கேட்காதவர்களுக்கு மிஷின் பொருத்திக் கேட்க வைப்பது அவர் பிழைப்பு. அப்படிப்பட்டவர் மூன்று வருஷமாக வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து, நன்றாகக் கேட்கிறவர்களைக் கேட்கவிடாமல் பண்ண ஒரு பட்டன் செய்திருந்தார். சட்டைக் காலரில் குத்திக்கொண்டு அமுக்கினால் தூறல் மாதிரி ஒரு சத்தம் கிளம்பும். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவருக்குப் பேச்சு புரியும். அதைத் தாண்டி நிற்கிறவர் காதுக்கும், ஒட்டுக்கேட்கிற செல்போனுக்கும் வெறும் தூறல்தான். 'மௌனம்' என்று அதற்குப் பேரும் வைத்தாகிவிட்டது.

புதுத்தொழில் தொடங்குகிறவர்களுக்குக் கைகொடுக்கிற மையம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வுக்குழு முன்னால் ஐந்து நிமிஷம் பேச வேண்டும். கடைசி வரியில், 'வருவதற்கு முன் யாரிடமாவது பேசிக் காட்டி, கருத்துக் கேட்டுத் திருத்திக்கொள்ளவும்' என்றிருந்தது.

"என்கிட்ட பேசிக் காட்டுங்களேன்" என்றாள் மனைவி.

"உனக்கு எதுக்கு சிரமம்?"

"எனக்கென்ன சிரமம்? பேசப்போறது நீங்கதானே?"

"வேண்டாம்மா. நான் பாத்துக்கறேன்."

"சரி. தேறிட்டீங்கன்னா பின்னறை உங்களுக்கே இருக்கட்டும். தேறலைன்னா என் தையல் மிஷின் திரும்ப அங்க வந்துடும். சம்மதமா?"

"சம்மதம்" என்று சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. பின்னறை முதலில் அவளுடையது. பட்டன் வேலை ஆரம்பித்த நாளில், 'ஒரு மாசம்தான்' என்று சொல்லி வாங்கிக்கொண்டார். மூன்று வருஷமாகத் தையல் மிஷின் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே, மூச்சுவிட இடமில்லாமல் நிற்கிறது. அவர் தோற்றால் அவளுக்கு அறை. அப்படியிருக்க அவள் சொல்கிற யோசனை எந்த லட்சணத்தில் இருக்கும்? கேட்கவே கூடாது என்ற முடிவு இப்படித்தான் பிறந்தது.

கருத்துச் சொல்ல மாடி வீட்டுக்காரரைப் பிடித்தார். பணி ஓய்வு பெற்ற தபால்காரர். எந்த வீட்டில் எந்தப் பாத்திரம் விழுந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்லக்கூடிய மனிதர். அவரை ஹாலில் நிற்க வைத்து, இவர் பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தி, பட்டனை அமுக்கி ஐந்து நிமிஷம் பேசினார்.

"எப்படி சார்?"

"பிரமாதம்! ஒண்ணுமே கேக்கலை!"

"சரி, பேச்சு எப்படி இருந்தது?"

"அதான் சொன்னேனே. ஒண்ணுமே கேக்கலை. பிரமாதம்!"

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கடை விட்டு வந்ததும் பால்கனியில் ஒத்திகை. பட்டன் காலரில். பால்கனி விளக்கு எரியும். கதவு சாத்தியிருக்கும். கண்ணாடியைப் பார்த்தே பேசினார், தன் முகம் தெரியும் என்பதால். மனைவி ஹாலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பாள்.

"ஹால் விளக்கைப் போடட்டுமா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"வேண்டாங்க. உள்ள இருட்டா இருந்தாத்தான் உங்களுக்குக் கண்ணாடில மூஞ்சி நல்லாத் தெரியும். துணி மடிக்க வெளிச்சம் எதுக்கு?"

என்ன பெருந்தன்மை என்று அவருக்கே மனசு இளகியது.

செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "இன்னிக்குக் குக்கர் விக்க ஒருத்தர் வந்தார். உள்ள எத்தனை டிகிரி, எத்தனை அழுத்தம்னு கால்மணி நேரம் பேசினார். சாதம் வேகுமா வேகாதான்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை. கதவைச் சாத்திட்டேன்."

அவருக்குச் சுருக்கென்றது. தன் பேச்சில் முதல் இரண்டு நிமிஷமும் அலைவரிசைக் கணக்குதான். சத்தம் போடாமல் அதை அடித்தார்.

புதன்கிழமை: "பேச்சை ஆரம்பிக்கறப்பவே பொண்டாட்டியைக் கிண்டல் பண்ற ஆம்பளைங்க இருக்காங்களே, அவங்களுக்குத் தைரியம்தான். கேக்கறவங்களும் யாருக்கோ பொண்டாட்டியா இருந்தா?"

"யாரு, யாரு அப்படிப் பேசினா?"

"பொதுவாச் சொன்னேங்க. ரசம் ஊத்தட்டுமா?"

'என் வீட்டிலேயே ஓர் உளவுத்துறை இருக்கிறது' என்ற தொடக்க வரி அன்றே காலி. ஆனால் அதை எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்று தெரியவில்லை. வியாழக்கிழமை முழுக்க அந்தப் பள்ளத்தில் விழுந்து விழுந்து எழுந்தார். பால்கனியிலிருந்து உள்ளே வந்தபோது அவள் ஒரு போர்வையை நீட்டினாள். ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து மடித்தார்கள்.

"நாம முதல்ல இருந்த வீடு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

மறக்கக்கூடிய வீடா அது? இரண்டு அறை, ஒன்பது பேர். அம்மா, அப்பா, அண்ணன், அண்ணி, அவர்கள் குழந்தைகள் இரண்டு, தங்கை, புதுசாகக் கல்யாணமான இவர்கள். சமையலறையில் இவர் "சினிமாவுக்குப் போலாமா?" என்று அவள் காதில் கிசுகிசுத்தால், "எத்தனை மணி ஆட்டம்?" என்று கூடத்திலிருந்து அண்ணி கேட்பாள். ஒன்பது பேரும் கிளம்பிவிடுவார்கள்.

கடைசியில் வழி காட்டியது கொல்லைப்புறக் குழாய். வாளியை வைத்துத் திறந்துவிட்டால் அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சு மட்டும்தான் கேட்கும். ஒரு வாளி நிறைவதற்குள் எவ்வளவு பேசலாம் என்று இரண்டு பேருக்கும் அளவு தெரியும். பிறக்கப்போகும் மகளுக்குப் பேர் வைத்தது ஒரு வாளியில். தனிக்குடித்தனம் போவதென்று முடிவானது மூன்று வாளியில், மூன்றாவது வழிந்தோடியது. மருமகள் எப்போது பார்த்தாலும் துவைத்துக்கொண்டே இருக்கிறாள் என்று அம்மா தெருவெல்லாம் பெருமை பேசினாள்.

இப்போது வீட்டில் ஒட்டுக்கேட்க ஒரு ஆளில்லை. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. ஆனால் பேச்சு என்று பார்த்தால், "சாப்பிட்டாச்சா?" "ம்." அவ்வளவுதான். போர்வை முனையைப் பிடித்தபடியே நின்றார். மூன்று வருஷமாக அவர் பின்னறையில் உட்கார்ந்து செய்தது அந்தக் குழாயைத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"போர்வையை விடுங்க, இன்னும் ரெண்டு துணி இருக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகை. முடிவில் இவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்பதாக எழுதியிருந்தார். அன்று அவள், "அந்த மையத்துப் பக்கமா பஸ்ல வந்தேன். எவ்வளவு ரூம் சும்மா பூட்டிக் கிடக்கு! பணம்னா எவனும் யோசிப்பான். இருக்கறதைக் கேட்டா யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க" என்று யாரைப் பற்றியோ பேசுவது போல் சொன்னாள். பணத்தை அடித்துவிட்டு, 'வேலை செய்ய ஓர் இடம்' என்று எழுதினார். அபாரமான யோசனை, தனக்கு எப்படித் தோன்றியது என்று வியந்துகொண்டே தூங்கினார்.

சனிக்கிழமை தேர்வுக்குழுவில் மூன்று பேர். நடுவில் வெள்ளைமுடி அம்மாள், தலைவி. காது மிஷின்காரர் அலைவரிசை பேசவில்லை. வாளியில் ஆரம்பித்து வாளியிலேயே முடித்தார். சொல்லும்போது இரண்டு இடத்தில் குரல் தழுதழுத்தது. அது ஒத்திகையில் இல்லை.

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "இடம்தானே கேக்கறீங்க? தாராளமா. இரண்டாவது மாடியில ஒரு ரூம், திங்கக்கிழமையிலேருந்து. ஆனா ஒரு நிபந்தனை. வேலை எல்லாம் இங்கதான், சாமானும் இங்கதான் இருக்கணும்."

"ரொம்ப சந்தோஷம்மா!"

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தண்ணி வராத நாள்ல என்ன பண்ணுவீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கும் வழி வெச்சிருந்தோம்மா. என் கடைக்கு வர்றவங்க நிறையப் பேர் உதட்டைப் பாத்தே பேச்சைப் புரிஞ்சுப்பாங்க. அதை நான் கத்துக்கிட்டு அவளுக்கும் சொல்லிக் குடுத்தேன். கூடத்துல எல்லாரும் உக்காந்திருக்கறப்பவே இந்தக் கோடியில நான், அந்தக் கோடியில அவ, சத்தமே இல்லாம உதட்டுலயே..."

அதற்கு மேல் அவர் உதடு அசையவில்லை. சாத்திய கண்ணாடிக் கதவு. வெளிச்சத்தில் அவர் முகம். விளக்குப் போடாத ஹால். துணி மடிக்க வெளிச்சம் எதுக்கு?

"என்னங்க, நின்னுட்டீங்க?" என்றாள் தலைவி.

"ஒண்ணுமில்லைம்மா. இதை யார்கிட்ட பேசிக் காட்டித் திருத்தினேன்னு இப்பத்தான் புரியுது."

வீட்டுக்கு வந்தபோது பின்னறையில் அவருடைய சாமான்கள் நான்கு அட்டைப்பெட்டிகளில் கட்டித் தயாராக இருந்தன. ஜன்னலோரம் சுத்தமாகத் துடைத்திருந்தது. மனைவி டேப்பால் தரையை அளந்துகொண்டிருந்தாள்.

"நான் தேறிட்டேன்" என்றார் பலவீனமாக.

"ரூம் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க." மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டார். "நான் தோத்திருந்தாலும் இது உனக்குத்தானே? அப்புறம் எதுக்கு இவ்வளவு மெனக்கெட்டே?"

அவள் நிமிர்ந்தாள். "நீங்க தோத்துட்டு வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருந்தா, இங்க உக்காந்து என்னால ஒரு தையல் போட முடியுமா?"

அவர் பால்கனிக்குப் போனார். கதவைச் சாத்தினார். பட்டனை அமுக்கினார். இந்தத் தடவை ஜாக்கிரதையாகக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, தூறல் சத்தத்துக்குள் ஆசை தீரச் சொன்னார்: "உன்கிட்ட என்னிக்கு நான் ஜெயிச்சிருக்கேன்?"

பின்னால் கதவு திறந்தது.

"எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடில நல்லாவே தெரியுதுங்க. வந்து தையல் மிஷின்ல ஒரு பக்கம் பிடிங்க."