உடையாத காலுக்கு மாவுக்கட்டு

மனைவியை எக்காரணம் கொண்டும் அழைத்துப் போகக் கூடாது!

கண்ணாடிக்கடைக்காரர் இந்த வீரத் தீர்மானத்தை எடுத்தபோது குளியலறையில், ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் நுரைத்தும் நின்றுகொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் சொந்தமாகத் தீர்மானம் எடுக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். அங்கேதான் உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது.

விஷயம் இதுதான். அவர் சின்ன வயதில் விடுதியில் தங்கிப் படித்தவர். அந்த விடுதிப் பையன்கள் எல்லாம் தலை நரைத்து, தொப்பை போட்டு, இப்போது பழைய பள்ளிக்கூடத்திலேயே ஒருநாள் கூடுவதாக ஏற்பாடு. ஏற்பாடு செய்தவர் பெயர் சைரன். அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. ஆனால் அவர் "இங்க வாடா" என்று கூப்பிட்டால் இரண்டு தெரு தள்ளி இருப்பவனும் வந்து நிற்பான் என்பதால் விடுதி வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

"குடும்பத்தோட வரணும்டா!" என்று சைரன் போனில் முழங்கினார். "பெண்டாட்டி இல்லாம எவன் வந்தாலும் கேட்டைத் திறக்க மாட்டேன்!"

கண்ணாடிக்கடைக்காரருக்குச் சிக்கலே அங்கேதான். ஏனென்றால் இருபது வருஷமாக அந்த வீட்டில் அவருடைய கௌரவம் என்ற கட்டடம் ஒரே ஒரு தூணில் நின்றது. அந்தத் தூண் விடுதி.

குழம்பில் உப்பில்லை என்று மனைவி தானே சொன்னாலும், "உப்பா? ஹாஸ்டல்ல நாங்க உப்பையே பார்த்ததில்ல" என்பார். தண்ணீர் வரவில்லை என்றால், "ஹாஸ்டல்ல முப்பது சட்டையை ஒரே வாளித் தண்ணில துவைச்சவன் நான்" என்பார். வார்டனை எதிர்த்துக் கேள்வி கேட்டது இவர். மதில் ஏறிக் குதித்தது இவர். இருட்டைக் கண்டு நடுங்கிய சின்னப் பையன்களுக்குத் தைரியம் சொல்லித் தூங்க வைத்தது இவர். மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். "அப்படியா?" என்பாள். அவ்வளவுதான்.

உண்மை வேறு. இருட்டைக் கண்டு நடுங்கிய சின்னப் பையனே இவர்தான். சேர்ந்த அன்றைக்குத் திறந்த கண்ணீர் அந்த வருஷம் முழுக்க நிற்கவே இல்லை. அதனால் விடுதியில் இவருக்கு வைத்த பெயர், குழாய். இன்றைக்கும் அந்தக் கூட்டத்தில் எவனுக்கும் இவருடைய நிஜப் பெயர் தெரியாது. மனைவி அங்கே வந்து காலை வைத்தால் தூண் அன்றைக்கே சாய்ந்துவிடும்.

ஆகவே முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இந்தாம்மா, ஸ்கூல் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் கூடறோம். ஆனா குடும்பம் வரக்கூடாதாம்."

"யார் சொன்னா?"

"கமிட்டி."

"கமிட்டில யாரு?"

"கமிட்டின்னா... கமிட்டிதான். ஒரே ஆளா சொல்ல முடியாதுல்ல?"

"சரி, போயிட்டு வாங்க."

அவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டதே ஒரு எச்சரிக்கை. ஊரில் உள்ள கண்களை எல்லாம் பரிசோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதருக்குத் தன் கண்ணெதிரே இருந்தது தெரியவில்லை.

அடுத்து சைரனைச் சமாளிக்க வேண்டும். மனைவி ஓர் எலும்பு டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் யாருக்கு எது முறிந்தது என்ற செய்தி வாசிப்பாள். அதனால் பொய் என்று தேடியதும் இவர் நாக்கில் வந்து விழுந்தது எலும்புதான்.

"அவளால வர முடியாதுடா. கால் உடைஞ்சுபோச்சு."

"ஐயையோ! எந்தக் கால்?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "இடது."

"எப்படிடா?"

"மாடிப்படில உருண்டுட்டா."

"உங்க வீட்டுல ஏதுடா மாடி?"

"அடுத்த வீட்டு மாடிப்படி."

சைரன் ஒரு நிமிஷம் மௌனமாக இருந்தார். அவர் வாழ்க்கையில் அபூர்வமான நிமிஷம் அது. "அப்ப வீட்டு வேலை எல்லாம்?"

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொய் என்பது சறுக்குமரம். பாதியில் உட்கார முடியாது.

"நான்தான்டா எல்லாம். சமையல், துணி, பாத்திரம். அவளை நாற்காலிக்குத் தூக்கிட்டுப் போறதுகூட நான்தான்."

"குழாய்!" என்றார் சைரன், தழுதழுத்து. "நீ தெய்வம்டா!"

சந்திப்பு அன்று கண்ணாடிக்கடைக்காரர் காற்றில் மிதந்தார். பழைய வகுப்பறையில் பழைய பெஞ்சுகள். அதில் பழைய பையன்கள், ஆனால் ஒரு பெஞ்சுக்கு நாலு பேர் என்ற கணக்கு இப்போது இரண்டுக்கு இறங்கியிருந்தது. "குழாய் வந்துட்டான், ஒதுங்குங்க, நனைஞ்சிருவீங்க!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். மனைவி இல்லாத இடத்தில் மானம் போனால் அது போனதாகக் கணக்கில்லை.

அதோடு, வந்திருந்த மனைவிமார் எல்லாம் இவரைச் சுற்றி நின்றார்கள். சைரனின் மனைவி ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. எல்லோரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் இவரைக் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தி, "நல்லாப் பார்த்துக்கங்க எல்லாரும். இவர்தான் புருஷன்" என்றார், மிருகக்காட்சிசாலையில் அரிய பிராணியைக் காட்டுவதுபோல. சுற்றி நின்ற பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். அவர்களுடைய கணவன்மார் கூரையைப் பார்த்தார்கள்.

"காலையில எழுந்ததும் முதல்ல அவளுக்குக் காபி" என்று இவர் ஆரம்பித்தார். "அப்புறம் தலை வாரிவிடுவேன்..."

"தலைகூடவா!"

"பின்னலே போட்டுடுவேன்."

அந்த நேரத்தில்தான் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து முதலில் ஓர் ஊன்றுகோல் வெளியே வந்தது. அடுத்து, பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் சுண்ணாம்பு அடித்த சுவர்மாதிரி வெள்ளைவெளேர் என்று மாவுக்கட்டு போட்ட ஓர் இடது கால் வந்தது. கடைசியாக, அந்தக் காலுக்குச் சொந்தக்காரி.

இவருடைய மனைவி.

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். அதே மனைவிதான். பவரில் தப்பில்லை.

"வீட்டிலேயே இருன்னுதான் சொன்னார்" என்று அவள் கூட்டத்தைப் பார்த்து முனகினாள். "எனக்குத்தான் மனசு கேக்கல. எனக்காக இவ்வளவு கஷ்டப்படற மனுஷன், அவரோட ஃபிரெண்ட்ஸை எல்லாம் ஒரு தடவை பார்த்து நன்றி சொல்லணும்னு..."

டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சைரன் மூக்கை உறிஞ்சியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"வாசல்ல படி இருக்கே, எப்படி ஏறுவாங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதுக்குத்தான் இவர் இருக்காரே!" என்றார் சைரன். "டேய், வீட்டுல தூக்கற மாதிரியே தூக்குடா!"

கல்யாணமான புதிதில்கூட அவர் அவளைத் தூக்கியதில்லை. அவள் எடை அப்போதே அவர் எடை. இப்போது அவரைவிடக் கூட. மாவுக்கட்டின் கனம் தனி. ஆனாலும் சுற்றி இத்தனை கண்கள். கண்ணாடிக்கடைக்காரர் குனிந்தார். பல்லைக் கடித்தார். தூக்கினார். முதல் படியில் முழங்கால் பேசியது. இரண்டாம் படியில் முதுகு பதில் சொன்னது. மூன்றாம் படியில் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாருடா, குழாய் திறந்திருச்சு!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த மனைவி காதருகே கேட்டாள். "யாருங்க குழாய்?"

"அது... ஹாஸ்டல்ல குழாய் ரிப்பேரானா நான்தான் சரி பண்ணுவேன்" என்றார் மூச்சு வாங்க.

"அடடா, அது இல்லம்மா!" என்று சைரன் பாய்ந்து வந்தார். வந்து எல்லாவற்றையும் கொட்டினார். அழுதது, இருட்டுக்குப் பயந்தது, வார்டன் பரிதாபப்பட்டுத் தன் அறையிலேயே கட்டில் போட்டுக் கொடுத்தது, மதில் ஏறியவர்கள் எல்லாம் வேறு பையன்கள், இவர் கீழே நின்று "வேணாம்டா" என்று கும்பிட்டது, சட்டைகூட மாசக் கடைசியில் ஊருக்கு மூட்டையாகப் போய்ச் சலவையாகி வந்தது. சைரன் குரலில் ரகசியம் என்று எதுவும் சொல்ல முடியாது. பக்கத்துக் கட்டடத்திலும் கேட்டிருப்பார்கள்.

தூண் சாய்ந்தது. கண்ணாடிக்கடைக்காரர் தலை குனிந்து நின்றார். மனைவி அவர் கையிலிருந்து இறங்கி, சைரன் பக்கம் திரும்பினாள்.

"எங்க வீட்டுல இந்தக் குழாய் ஒரு சொட்டுகூட விட்டதில்லையே அண்ணா" என்றாள். "அப்பவே தீர்ந்துபோச்சோ என்னவோ."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதில் குத்தல் இல்லை என்பதுதான் அவருக்கு அதிகமாகப் பயத்தைக் கொடுத்தது.

திரும்பும்போது ஆட்டோவில் அவர் பொறுமை இழந்தார்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"டீச்சரம்மா போன் பண்ணாங்க. ஃபேன் துடைக்க நாற்காலி மேல ஏறி நின்னுட்டிருந்தேன். 'கால் எப்படிம்மா இருக்கு'ன்னாங்க. 'நல்லா இருக்கே'ன்னேன். 'உடைஞ்ச இடது காலைக் கேக்கறேன்'னாங்க. இறங்கி உட்கார்ந்துட்டேன்."

"கட்டு?"

"எங்க கிளினிக்ல கட்டுப் போடறவர் ரெண்டு பாதியா அறுத்து, கொக்கி வச்சுக் கொடுத்தார். வேணும்னா மாட்டிக்கலாம், வேணாம்னா கழட்டிக்கலாம்."

"நல்லதாப் போச்சு. கழட்டு!"

"எப்படிங்க? டீச்சரம்மா நாளைக்கே பார்க்க வர்றாங்க. மத்தவங்க எல்லாம் முறை வச்சு வர்றாங்களாம். நீங்க என்னை எப்படிப் பார்த்துக்கறீங்கன்னு அவங்க வீட்டுக்காரங்களுக்குக் கத்துக்கொடுக்கணுமாம்."

"நீதான் காலை உடைச்சுக்கவே இல்லையே!"

"நான் எங்கங்க உடைச்சேன்? நீங்கதானே உடைச்சீங்க. எலும்பு கூடறதுக்கு ஆகற நாள் ஆகத்தானே வேணும்? நான் லீவு சொல்லிட்டேன்."

மறுநாள் முதல் அந்த வீட்டில் மாவுக்கட்டு அவளுக்கு, மாவு பிசைவது இவருக்கு.

பொழுது விடிந்தால் காபி. அப்புறம் பாத்திரம், துணி, பெருக்கல், துடைத்தல், நடுவில் ஓட்டமாகக் கடைக்குப் போய் நாலு பேருக்குக் கண் பார்த்துவிட்டு, அதே ஓட்டமாகத் திரும்பி வந்து அடுப்பு. அவசரத்தில் ஒருநாள், எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்வதற்குப் பதிலாக வாடிக்கையாளரிடம் "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டார்.

யாரும் வராத நேரத்தில் மாவுக்கட்டு வாசல் மூலையில் குடைக்குப் பக்கத்தில் சாய்ந்து ஓய்வெடுக்கும். மனைவி வீட்டுக்குள் துள்ளி நடப்பாள். அழைப்பு மணி அடித்ததோ இல்லையோ, கொக்கி ஒரு "க்ளிக்", அவள் "அம்மா!" என்று சோபாவில் சாய்ந்துவிடுவாள். வருகிற பெண்கள் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். இவர் தட்டில் எதையாவது பொரித்துக்கொண்டுவந்து வைப்பார். முதலில் கருகியது. அப்புறம் முறுகியது. அப்புறம் ஒருநாள் நன்றாகவே இருந்தது. டீச்சரம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கண்ணாடிக்கடைக்காரருக்குத் தன்னையறியாமல் ஒரு பெருமை வந்து, பின்னல்கூடப் பழகிவிட்டார்.

வேறு இடங்களில் நிலைமை மோசம். சைரன் ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார்.

"டேய், உன்னால என் வீட்டுல நான் பாத்திரம் தேய்க்கறேன்டா! 'அவர் செய்யலையா, அவர் செய்யலையா'ன்னு உயிரை வாங்கறா! எல்லார் வீட்டுலயும் இதே கதைதான். எப்படா சேரும் அந்தக் கால்?"

"அதை நான் முடிவு பண்ண முடியாதுடா" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். மனதறிந்து அவர் சொன்ன முதல் உண்மை அது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மனைவி மாவுக்கட்டைத் துடைத்து அட்டைப்பெட்டியில் போட்டு மூடினாள்.

"சேர்ந்திருச்சுங்க" என்றாள்.

அவர் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துண்டை அவிழ்த்து உயரே எறிந்தார். விடுதலை! நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, இருபது வருஷத்துப் பழைய குரலில் "காபி!" என்றார்.

காபி வரவில்லை. திரும்பிப் பார்த்தால் மனைவி நல்ல புடவை கட்டி, கையில் பயணப் பெட்டியோடு நின்றாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"டீச்சரம்மா, மத்தவங்க எல்லாரும் சேர்ந்து ஒரு வாரம் டூர் போறோம். இத்தனை நாள் உட்கார்ந்தே இருந்தேன்ல, கால் நடமாட வேண்டாமா?"

"அப்ப நான்? தனியாவா?"

"உங்களைத் தனியா விடுவேனா? எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் கதவைத் திறந்தாள்.

வாசலில் சைரனும் அவருக்குப் பின்னால் விடுதித் தோழர்கள் அத்தனை பேரும், ஆளுக்கொரு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள்.

"ராத்திரிக்கு என்னடா சமையல்?" என்றார் சைரன்.