காக்காய்க்குப் பிடிக்காத சிடி

டோல்கேட்
12.8.2005

அன்புள்ள குணசேகரன் சித்தப்பாவுக்கு மகிழினி எழுதுவது. அப்பாவின் முட்டிவலியைத் தவிர இங்கு எல்லாரும் நலம். துபாய் வெயில் உங்களை அதிகம் வாட்டாமல் இருக்க வேண்டும்.

வரும் ஒன்றாம் தேதி நம் சிடி கடைச் சாவியை, ரீசார்ஜ் கடை வைக்கப்போகும் ரகுபதி அண்ணனிடம் கொடுக்கச் சொல்லியிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம் சித்தப்பா. பட்டம் வாங்கியும் இன்டர்வியூவில் எனக்கு வாய் திறக்காது என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் கல்லாவை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை. அதோடு வியாபாரமும் திரும்பிவிட்டது. பாட்டு பதிய வந்தவர்களெல்லாம் பிளாட்பாரத்தில் நூறு பாட்டு ஒரே சிடியில் வாங்கப் போய்விட, ஈயோட்டிக்கொண்டிருந்த நம் கடைக்கு, போன வாரம் காசிமேட்டுக் கருவாட்டுக்காரர் கோவிந்தம்மா வந்து பத்து பழைய படச் சிடி கேட்டார். எந்தப் படம் என்றேன். “எதுனா குடும்மா. பின்னால பளபளன்னு கீதா, அத்த மட்டும் பாரு.” ஒன்று சோகப் படம், அழுவீர்கள் என்று எடுத்து வைத்தேன். “நானா பாக்கப்போறேன்? போடு உள்ள.” மறுநாள் அவர் மருமகள் பவானி வந்து இருபது வாங்கினார். ஒன்றில் கீறல், ஓடாது என்றேன். “தொங்குனா போதும்” என்று போய்விட்டார். சிடி ஏன் தொங்க வேண்டும்? பொறுக்க முடியாமல் கடையைச் சாத்திவிட்டு, தலை நிமிராமல் நடக்கும் நான், அவர் பின்னாலேயே போய்விட்டேன். மணலில் கருவாடு காய்கிறது. மேலே கயிறு கயிறாக நம் சிடிகள் காற்றில் சுழல்கின்றன. தூரத்துச் சுவரில் காக்காய்கள் வரிசையாக உட்கார்ந்து பார்க்கின்றன. “கண்ணு கூசுதுபோல, ஒண்ணும் கிட்ட வர்ல” என்றார் பவானி. எண்ணூர் வரைக்கும் கருவாடு காய்கிறது, காக்காயும் இருக்கிறது. ஓடாத படங்களாகப் பார்த்து இரண்டு பெட்டி வாங்க அனுமதி தாருங்கள்.

சித்திக்கும் தம்பிக்கும் என் அன்பு. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
மகிழினி

பி.கு: உறையை ஒட்டும்போது பவானி வந்தார். காக்காய்களுக்குப் பழகிவிட்டதாம். ஒன்று கயிற்றிலேயே உட்கார்ந்து, சிடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நெத்திலி தின்கிறதாம். எந்தக் கண்ணால் பார்க்கிறது என்று கேட்டேன், அவர் கவனிக்கவில்லை. “சிடி கெடக்கட்டும், செல்லுக்கு ரீசார்ஜ் கார்டு கீதா?” என்றார். அலமாரிக்கு அளவெடுக்க வந்திருந்த ரகுபதி அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். “உன்னாண்ட நல்லா பேசுறாங்களேம்மா. நம்ம கடையில நீயே குந்திக்கிறியா?” சரி என்று சாவியை அவரிடம் கொடுத்துவிட்டேன். காலையில் கடை திறக்க அவரிடம்தான் வாங்க வேண்டும்.