பாண் வண்டிக்கு ஒட்டிய மறுவாழ்வு

சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் கண்ட அடுத்த பெரிய முன்னேற்றம் மாத்தளையில்தான் நிகழ்ந்தது. ஒரு மூன்று சக்கர வண்டியின் பின்புறத்தில் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டப்பட்டது. வண்டி, வீடு வீடாக ரொட்டி விற்க நோபர்ட் ஓட்டிய பாண் வண்டி. ஒட்டியவர்கள், சிறையிலிருந்து வெளியே வருபவர்களை வேலைக்குத் தயார்ப்படுத்தும் 'புத்தொளிப் பாதை' நிறுவனத்தார்.

நோபர்ட் அதற்கு முன்பே ஒரு பெரிய தவறு செய்திருந்தான். தயாராகாமலே வேலை தேடிக்கொண்டான். சிறையில் பேக்கரிப் பகுதியில் மாவு பிசைந்தவன், வெளியே வந்த வாரமே ஜைனுதீன் ஹாஜியாரின் பேக்கரி வாசலில் போய் நின்றான்.

"உள்ளுக்கு ஈந்ததாமே?" என்று அவன் சிறையில் இருந்ததைக் கேட்டார் ஹாஜியார்.

"ஆமாங்க."

"வெள்ளாப்புல, விடிய முந்தி எழும்புவியா?"

"எழும்புவேங்க."

நேர்முகத் தேர்வு முடிந்தது. அடுத்த நாளிலிருந்து அவன் பாட்டுப் போட்டுக்கொண்டு யட்டவத்தப் பாதையில் பாண் விற்றான். நோபர்ட்டுக்கு அதிகம் பேச வராது. அந்தத் தொழிலில் அது ஒரு குறையுமில்லை. பேச வேண்டியதையெல்லாம் வண்டியின் பாட்டே பேசிவிடும். பாட்டுக் கேட்டதும் பெண்கள் தட்டோடு கேட்டுக்கு வந்தார்கள். யாருக்கு ரோஸ் பாண், யாருடைய பிள்ளைக்குச் சீனி தூவிய பணிஸ் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அவர்களுக்கும் அவனைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது அவ்வளவுதான்: பாண் சூடாக இருந்தது.

இந்த அவல நிலையிலிருந்து அவனை மீட்கத்தான் 'புத்தொளிப் பாதை'யின் திட்ட அதிகாரி றினோஸ் வந்தார்.

"நோபர்ட், வேலை எப்பிடிக் கெடச்சது?"

"கேட்டேன் சேர். குடுத்தாங்க."

றினோஸ் கவலையோடு தலையை ஆட்டினார். "அது முறையில்லையே. நீங்க இன்னும் தயாராகல்லயே."

ஹாஜியாரிடம் லீவு வாங்கித் தயாராகப் போனான் நோபர்ட். ஹோட்டல் மண்டபம், குளிரூட்டி, தேநீரோடு கட்லட். கைகுலுக்குவது எப்படி, புன்னகைப்பது எப்படி, பற்களில் எத்தனை பங்கு தெரியலாம் என்பதையெல்லாம் கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் கற்பித்தார். 'உங்களைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுங்கள்' என்ற அமர்வில் நோபர்ட் எழுந்து நின்றான். சொல்ல ஒன்றும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்வதைப் பார்த்தான். நேரம் முடிந்ததும் உட்கார்ந்தான். மண்டபமே கைதட்டியது. 'ஆழமான பகிர்வு' என்று பயிற்றுநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பயிற்சியின் நிறைவு விழா பேக்கரி வாசலில் நடந்தது. ஹாஜியாருக்கு 'கருணைமிகு முதலாளி' என்று பொறித்த கேடயம். பிரமுகர்கள் கைதட்டிக்கொண்டிருக்கும்போது வேண்டாம் என்று சொல்ல எந்த முதலாளிக்கும் வாய் வராது. அந்தக் கைதட்டலுக்கு நடுவே றினோஸ் வண்டியில் ஸ்டிக்கரை ஒட்டினார்:

'இவ்வாகனத்தின் சாரதி ஒரு முன்னாள் சிறைக்கைதி. இவருக்கு மறுவாய்ப்பு அளிப்போம்.'

மூன்று மொழிகளிலும் சம அளவு எழுத்து. நாட்டின் மொழிப் பிரச்சினை அந்த ஒரு சாண் அகலத்தில் தீர்ந்துபோயிருந்தது. அரிதிலும் அரிதாகத் தமிழில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. சாரதியின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கும் கொள்கையின்படி பெயரும் குற்றமும் வெளியிடப்படவில்லை.

குற்றம் வேறொன்றுமில்லை. அனுமதிப்பத்திரமில்லாமல் மரம் ஏற்றிய லொறியை நோபர்ட் ஓட்டியிருந்தான். மரத்தின் சொந்தக்காரருக்கு நீதிமன்றத்தில் அந்த லொறியே ஞாபகம் வரவில்லை. ஆனால் ஸ்டிக்கரில் குற்றம் இல்லாததால், ஒவ்வொரு வீட்டாரும் தாம் எதற்கு அதிகம் பயந்தார்களோ அதையே எழுதி நிரப்பிக்கொண்டார்கள். நகை வைத்திருந்த வீட்டுக்கு அவன் திருடன். கல்யாணமாகாத குமர்ப்பிள்ளை இருந்த வீட்டுக்கு அதைவிட மோசம்.

பாட்டு ஒலித்தது. கேட்டுகள் திறக்கவில்லை. றமீஸா என்ற பெண் மட்டும் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, "இண்டைக்குப் பாண் வேணாம் தம்பி, நாங்க எல்லாரும் நோன்பு" என்றாள். அவளுடைய சின்ன மகன் பக்கத்தில் நின்று பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தான்.

போன பாண் அப்படியே திரும்பி வந்தது. ஹாஜியார் கோபப்படவில்லை. தன் தங்கச்சி மகன் றிஸ்வானை அதே வண்டியில் அனுப்பிப் பார்த்தார். இரக்கமுள்ள ஒரு கிழவி முதல் சந்தியிலேயே அவனை நிறுத்தி, "பாவம், எத்தின வருஷம் உள்ளுக்கு ஈந்த மகன்?" என்று கேட்டாள். பின்னேரத்துக்குள் றிஸ்வானுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் வீட்டிலிருந்து, 'கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது' என்று தகவல் வந்தது.

"நோபர்ட்," என்றார் ஹாஜியார், "ஒன்னில எனக்கு ஒரு கொறையும் இல்ல. அந்த எழவக் கழட்டிட்டு வா, வேலைக்கு வா. கழலாட்டி சாவிய வெச்சிட்டுப் போ. நான் வேற என்ன செய்ய?"

நோபர்ட் பிளேடால் சுரண்டினான். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தான். மேலே பெயின்ட் அடித்தான். அது காய்ந்ததும் உரிந்து விழுந்தது. எழுத்துகள் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தன. கடைசியில் வண்டியோடு 'புத்தொளிப் பாதை' அலுவலகத்துக்கே போனான்.

"சேர், அத கழட்டித் தரணும்."

"கழட்டுறதா?" றினோஸ் உண்மையாகவே திகைத்தார். "காசு குடுக்குற வெளிநாட்டுக்காரங்களுக்கு அனுப்பின அறிக்கையில அட்டைப் படமே அதுதானே."

"யாரும் பாண் வாங்குறாங்க இல்லீங்க. அது இருந்தா வேலை இல்லன்னு ஹாஜியார் சொல்லிட்டாரு."

"சனங்கட மனசு மாறக் கொஞ்சம் காலம் எடுக்கும் நோபர்ட். நாங்க பொறுமையா இருக்கணும்."

"ஹாஜியார் நாளைக்கு வரைக்குந்தான் சேர் பொறுப்பாரு."

"விளங்குது. ஆனா பட்ஜட்ல ஒட்டுறதுக்கு மட்டுந்தான் காசு ஈக்கி. கழட்டுறதுக்கு ஒண்ணும் போடல்ல."

"நானே கழட்டப் பாத்தேன் சேர். பிளேடு போட்டேன், மண்ணெண்ண போட்டேன். வருதில்ல."

றினோஸின் முகம் மலர்ந்தது. தன் நிறுவனத்தின் தரத்தை ஒரு பயனாளியே நேரில் வந்து பாராட்டுவது எந்த அதிகாரிக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

"வராது," என்றார் பெருமையோடு. "நாங்க மட்டமான சாமான் போடுறதில்ல. மழை, வெயில், ஒண்ணுக்கும் அசையாது. பத்து வருஷ கேரண்டி."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. றினோஸ் ஒரு ஃபைலை மூடினார், இன்னொன்றைத் திறந்தார், நேரத்தைப் பார்த்தார். நோபர்ட் வண்டிச் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான்.

"ஜட்ஜ் ஐயாவே எனக்கு ஒன்றரை வருஷந்தான் சேர் குடுத்தாரு."